இறந்தவர்களின் பெயர் இருக்கும் இடத்தில் நிதி திரட்டுவது: ஒரு மாணவியின் கேள்விக்குப் பதில்

நியூயார்க்கில் முதுகலை படிக்கும் ஒரு மாணவி, 9/11 நினைவு அருங்காட்சியகம் போன்ற ஓர் இடத்தில், நிதி திரட்டும் பிரிவில் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அங்கே மாணவர்களுக்கு என்ன வேலை தருவார்கள், படிப்பு முடிந்த பிறகு அந்த அனுபவம் பயன்படுமா, செத்துப்போனவர்கள் பேரைச் சொல்லிக் காசு கேட்பது போல ஆகிவிடாதா என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கிறார். நான் மாணவனாக இருந்தபோது ஒரு நினைவு அருங்காட்சியகத்தில் இதே வேலையில்தான் நுழைந்தேன். பிறகு பல வருடம் இந்தத் துறையிலேயே இருந்துவிட்டேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். விளம்பரத்தில் 'நிதி திரட்டல்' என்று போட்டிருக்க மாட்டார்கள். 'டெவலப்மென்ட்' என்றோ 'அட்வான்ஸ்மென்ட்' என்றோதான் இருக்கும். மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் அதைக் கோடிங் வேலை என்று நினைத்து விண்ணப்பித்த கதையெல்லாம் உண்டு. அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் டெவலப்மென்ட் என்றால் நன்கொடை சேர்க்கும் பிரிவு.

சரி, காசு எதற்கு, எங்கிருந்து வருகிறது? இது தெரியாமல் அந்த வேலையின் மனசு பிடிபடாது. நினைவு அருங்காட்சியகங்கள் எல்லாம் அரசாங்கம் நடத்துபவை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஹோலோகாஸ்டுக்காக வாஷிங்டனில் இருக்கும் நினைவு அருங்காட்சியகத்துக்கு 1980-ல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டது, நிலத்தையும் அரசு கொடுத்தது. ஆனால் 1993 ஏப்ரலில் திறந்த அந்தக் கட்டடமும் உள்ளே இருக்கும் காட்சிகளும் தனியார் நன்கொடையில் எழுந்தவை. இன்றைக்கும் செலவில் ஒரு பங்கு அரசுப் பணம், மறு பங்கு நன்கொடை. ஓக்லஹோமா நகரத்தின் கதை வேறு. 1995 ஏப்ரல் 19 அன்று அங்கே அரசு அலுவலகக் கட்டடத்தில் குண்டு வெடித்து 168 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் 168 வெற்று நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. அந்த அருங்காட்சியகத்தைத் தாங்கும் பெரிய தூண் ஒரு மாரத்தான் ஓட்டம். 2001-ல் தொடங்கி ஒவ்வொரு ஏப்ரலிலும் நடத்துகிறார்கள். ஓடத் தொடங்கும் முன் 168 விநாடி மௌனம். அத்தனை ஆயிரம் பேர் சத்தமில்லாமல் நிற்கும் அந்த இரண்டே முக்கால் நிமிடத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நன்கொடை சேர்ப்பதும் நினைவுகூர்வதும் அங்கே ஒரே காரியமாகிவிடுகின்றன.

நீங்கள் கேட்ட 9/11 நினைவிடத்தில் மேலே உள்ள திடலும் இரண்டு நீர்த்தடாகங்களும் எல்லோருக்கும் இலவசம். அவை திறந்தது 2011 செப்டம்பரில். அடியில் இருக்கும் அருங்காட்சியகம் 2014 மே மாதம் திறந்தது, அதற்கு டிக்கெட் உண்டு. இறந்தவர்களின் குடும்பத்தார் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. அருங்காட்சியகத்தின் வரவில் டிக்கெட்டுக்குப் பெரிய இடம் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கதவைச் சாத்தியபோது அந்த வரவு நின்றுபோனது, ஊழியர்கள் பலர் வேலை இழந்தார்கள். ஆனால் தடாகத்துத் தண்ணீரையும், காவலையும், பூமிக்கடியில் இருக்கும் பொருள்களையும் யாராவது பார்த்துக்கொண்டுதானே ஆக வேண்டும்? நன்கொடைப் பிரிவு எதற்கு இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

இனி உங்கள் வேலை. பணக்காரர் ஒருவர் முன்னால் உட்கார்ந்து 'பத்தாயிரம் டாலர் கொடுங்கள்' என்று கேட்கச் சொல்வார்கள் என்று பயப்பட வேண்டாம். இன்டர்னை யாரும் அப்படி அனுப்பமாட்டார்கள். உங்கள் நாள் பெரும்பாலும் டேட்டாபேஸ் முன்னால்தான் போகும். ரெய்சர்ஸ் எட்ஜ் அல்லது சேல்ஸ்ஃபோர்ஸ் என்று நன்கொடையாளர் விவரங்களை வைக்கும் மென்பொருள் ஏதாவது ஒன்று இருக்கும். வந்த காசோலைகளைப் பதிவது, ரசீது அடிப்பது, நன்றிக் கடிதம் தயார் செய்வது, முகவரி திருத்துவது. போன வருடம் கொடுத்து இந்த வருடம் இன்னும் கொடுக்காதவர்களின் பட்டியல் எடுப்பது. நிகழ்ச்சி வந்தால் விருந்தினர் பட்டியல், பெயர் அட்டை, மேசை வரிசை. ஏப்ரலில் 9/11 அருங்காட்சியகம் நடத்தும் 5 கிலோமீட்டர் ஓட்டம் போன்ற சமயம் என்றால் காலை 6 மணிக்கே ஓர் ஓரத்தில் பெட்டிகளோடு நிற்பீர்கள்.

இதில் நன்றிக் கடிதத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பலரும் அதைக் குமாஸ்தா வேலை என்று ஒதுக்குகிறார்கள். நினைவு அருங்காட்சியகத்தில் அதுதான் உயிர் என்பது என் கட்சி.

அதற்கு ஒரு சட்டப் பக்கம் உண்டு. 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர் வரிவிலக்குக் கேட்க வேண்டுமென்றால் நிறுவனம் தந்த எழுத்துபூர்வமான சான்று வேண்டும். கொடுத்ததற்குப் பதிலாக அவருக்கு ஏதாவது கிடைத்ததா என்றும் அதில் சொல்லியிருக்க வேண்டும். 1,000 டாலர் கொடுத்து விருந்துக்கு வந்தவர் 150 டாலர் மதிப்புள்ள சாப்பாடு சாப்பிட்டிருந்தால் 850-க்குத்தான் விலக்கு. இந்தக் கணக்கை எல்லாம் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்வீர்கள்.

பிடிபட நாளாவது பெயர். நம் ஊர் மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பேர், ஊர், தொகை. அதில் ஒரு பேர் தப்பாக விழுந்தால் இருபது வருடம் கழித்தும் பேச்சு வரும். இங்கே அதைவிடக் கூர்மையானது, ஏனென்றால் பல பதிவுகளில் இரண்டு பெயர்கள் இருக்கும், கொடுத்தவர் பெயரும் யார் நினைவாகக் கொடுத்தார் என்பதும். ஒருவர் நினைவாக நன்கொடை வந்தால் அவர் குடும்பத்துக்கும் ஓர் அட்டை போகும்: இன்னார் உங்கள் மகன் நினைவாக நன்கொடை அளித்திருக்கிறார் என்று. தொகையை அதில் எழுதுவது வழக்கமில்லை. அந்த நயத்தை யோசித்து வைத்தவர்களை நான் மதிக்கிறேன். அப்புறம், இருப்பவரைக் கௌரவித்துத் தரும் நன்கொடைக்கு ஒரு குறியீடு, இறந்தவர் நினைவாகத் தருவதற்கு இன்னொரு குறியீடு. திரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கை தவறி மாற்றி அழுத்தினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தம்பதி பல வருடமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கணவர் காலமாகிவிட்டார். மனைவி போன் செய்து சொல்லியிருந்தார், யாரோ அதைக் குறிப்புப் பகுதியில் எழுதியும் வைத்திருந்தார்கள். ஆனால் 'காலமானவர்' என்ற பெட்டியில் டிக் போடவில்லை. ஆண்டு இறுதி வேண்டுகோள் கடிதத்துக்கு மெயில் மெர்ஜ், அதாவது பட்டியலில் உள்ள பெயர்களைக் கடிதத்தில் தானாக ஏற்றும் வேலையை, செய்தவன் நான். சில நூறு வரிகளை எடுத்தேன், குறிப்புகளைப் படிக்கவில்லை. கடிதம் இரண்டு பேர் பெயரிலும் போனது. அந்த அம்மா கூப்பிட்டார். அவர் திட்டவில்லை. இனிமேல் என் பெயரை மட்டும் எழுதுங்கள், 'திருமதி' போட்டு அவர் பெயரை எழுதாதீர்கள், என் சொந்தப் பெயரை எழுதுங்கள் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் போனைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். அன்றிலிருந்து எந்தப் பட்டியலையும் குறிப்புப் பகுதியைப் படிக்காமல் நான் அனுப்பியதில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்த ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாளே சொன்னதும் இதுதான்.

9/11 திடலுக்குப் போய்த் தடாகத்தைச் சுற்றியுள்ள வெண்கலப் பலகைகளைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 2,983 பெயர்கள். 2001 தாக்குதலில் இறந்த 2,977 பேரோடு, 1993-ல் அதே உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்து இறந்த 6 பேரும் அதில் சேர்த்தி. அகர வரிசை கிடையாது. யார் யாரோடு இருந்தார்கள், யாருக்கு யார் நண்பர், யாருக்கு யார் உறவு என்று குடும்பங்களைக் கேட்டுக் கேட்டு அடுக்கினார்கள். இந்தப் பெயருக்குப் பக்கத்தில் இந்தப் பெயர் வேண்டும் என்று 1,200-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. கருவுற்றிருந்த பெண்களின் பெயரோடு, பிறக்காத குழந்தையும் என்று பொறித்திருக்கிறார்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் அன்று அந்தப் பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகி வைப்பார்கள். பெயர்களின் மேல் இவ்வளவு கவனம் வைத்த ஓர் இடத்தின் உறையில் நீங்கள் எழுத்துப்பிழையோடு ஒரு பெயரை அனுப்ப முடியுமா?

இன்டர்னுக்கு வரும் இன்னொரு பெரிய வேலை ஆய்வு. யாரால் எவ்வளவு கொடுக்க முடியும், எதில் அவருக்கு அக்கறை என்று தேடி இரண்டு பக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டும். அறக்கட்டளைகளின் வரிப் படிவங்கள், நிறுவனங்களின் பொதுத் தாக்கல்கள், சொத்துப் பதிவுகள் என்று அமெரிக்காவில் பொதுவெளியில் கிடைப்பவற்றின் அளவு உங்களைத் திகைக்க வைக்கும். எல்லாம் சட்டப்படி சரி. ஆனாலும் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நபரே பக்கத்தில் வந்து நின்று படித்தாலும் தலைகுனிய வேண்டியிராத குறிப்பை மட்டும் எழுதுங்கள். விவாகரத்து, நோய், பிள்ளைகளோடு சண்டை, இதெல்லாம் கண்ணில் பட்டாலும் பதிவில் ஏற்றாதீர்கள். துக்கத்தில் இருப்பவரைப் பற்றிய குறிப்பில் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இப்போது உங்களை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். இறந்தவர்கள் பெயரில் காசு கேட்பது சரியா?

உறுத்தல் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். 2014 மே மாதம் நடந்ததைக் கேளுங்கள். 9/11 அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முந்தைய இரவு, நன்கொடையாளர்களை அழைத்து உள்ளேயே மதுவோடு விருந்து வைத்தார்கள். நிதி திரட்டும் உலகத்தில் இது தினசரிப் பழக்கம். ஆனால் அந்த இடத்தில் ஒரு சுவருக்குப் பின்னால், இன்னும் அடையாளம் காண முடியாதவர்களின் எச்சங்கள் இருக்கின்றன. அவற்றை அங்கே கொண்டுவந்து வைத்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. குடும்பத்தார் கொதித்துப் போனார்கள். அதே வாரம் பரிசுப்பொருள் கடையில் விற்ற சில பொருள்களும் கண்டனத்துக்கு ஆளாயின, அமெரிக்க வரைபட வடிவத்தில் தாக்குதல் நடந்த இடங்களில் இதயக் குறி போட்ட ஒரு தட்டையும் எடுத்துவிட்டார்கள். அந்த விருந்தை ஏற்பாடு செய்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும், அதற்கு விருந்து என்று மற்ற அருங்காட்சியகங்களில் படித்த பாடத்தை அப்படியே எடுத்துவந்தார்கள். ஓவியக் கூடத்தில் சரியாக இருப்பது துஷ்டி வீட்டில் சரியாக இருக்காது. துக்கம் விசாரிக்கப் போகும்போது எந்தச் சேலை கட்டுவது, வாசலில் சத்தமாகச் சிரிக்கலாமா என்றெல்லாம் நமக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை, தெரியும். அந்தத் தெரிதலை அலுவலகத்துக்குள்ளும் கொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கொடுக்கிறவர் யார்? பெரிய நிறுவனங்களும் செல்வந்தர்களும் உண்டு. ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் என் மேசைக்கு வந்த உறைகளில் பெரும்பாலானவை 25 டாலர், 50 டாலர். ஒவ்வொரு வருடமும் ஒரே தேதியில் ஒரே தொகை அனுப்பும் ஒருவர் இருந்தார். அந்தத் தேதி அவர் அண்ணனுடைய பிறந்தநாள் என்பது மூன்றாவது வருடம்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு அது நன்கொடையே இல்லை, திதி கொடுப்பது மாதிரி. அவரிடம் நாங்கள் காசு 'வாங்கினோம்' என்று சொன்னால் பொருந்தவில்லை. அவர் செய்ய நினைத்த ஒன்றைச் செய்வதற்கு இடம் கொடுத்தோம். அவருக்குப் போகும் கடிதத்தில் இந்த வருடம் இன்னும் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்ற அச்சடித்த வரி வராமல் தடுக்க வேண்டியதுதான் எங்கள் பொறுப்பு. டேட்டாபேஸில் அதற்கும் ஒரு குறியீடு வைக்கலாம். வைத்தோம்.

ஆகவே என் பதில்: கேட்பது தவறில்லை, துக்கத்தைத் தூண்டிக் கேட்பது தவறு. அழுகிற முகத்தின் படத்தைப் போட்டு மின்னஞ்சல் அனுப்பினால் நிதி கூடலாம். உங்களிடம் அப்படி எழுதச் சொன்னால் மரியாதையாகத் தயங்குங்கள், ஏன் என்று மேலதிகாரியிடம் கேளுங்கள். நல்ல மேலதிகாரி இன்டர்னின் தயக்கத்தைக் காது கொடுத்துக் கேட்பார். இன்னொன்றும் கவனியுங்கள். நிதி திரட்டுவோரின் தொழில்முறைச் சங்கத்தின் நெறிமுறைப்படி, திரட்டிய தொகையில் இத்தனை சதவீதம் என்று கமிஷன் வாங்குவது தவறு. எங்காவது அப்படி ஒரு வேலை வந்தால் யோசிக்காமல் விலகிவிடுங்கள்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் வளாகத்துக்கு வெளியே இன்டர்ன்ஷிப் செய்ய சிபிடி, அதாவது பாடத்தின் ஓர் அங்கமாக வேலை பார்க்கும் அனுமதி, வேண்டும். வேலை தொடங்கும் முன்பே அது பல்கலைக்கழகம் தந்த உங்கள் ஐ-20 படிவத்தில் ஏறியிருக்க வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும், வேலை உங்கள் பாடத்தோடு பொருந்த வேண்டும். அருங்காட்சியகவியல், பொது நிர்வாகம், வரலாறு என்றால் எளிது. டேட்டா சயன்ஸ் படிப்பவர் என்றால், நன்கொடைத் தரவுகளை ஆராயும் வேலை என்று பணி விவரம் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முழுநேர சிபிடி 12 மாதம் ஆகிவிட்டால் அதே படிப்பு நிலைக்கான ஓபிடி, அதாவது படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கும் அனுமதி, போய்விடும், வாரம் 20 மணிக்குள் என்றால் அந்தக் கவலை இல்லை. சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்தானே, அனுமதி எதற்கு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலரிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பொறுத்தவரை, லாப நோக்கற்ற இடங்களில் ஊதியமில்லா இன்டர்ன்ஷிப்புகள் இன்னும் இருக்கின்றன. நியூயார்க் வாடகைக்கு அது கட்டுப்படியாகாது. கூச்சப்படாமல் கேளுங்கள், குறைந்தது பயணப்படியாவது கேளுங்கள். நிதி திரட்டும் பிரிவு தன் மாணவருக்கு ஒரு தொகை ஒதுக்க முடியாது என்றால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

பிற்பாடு பயன்படுமா? நிச்சயம் பயன்படும். அமெரிக்காவில் மருத்துவமனை, பல்கலைக்கழகம், இசை மன்றம், உணவு வங்கி எதுவானாலும் டெவலப்மென்ட் பிரிவு உண்டு. நன்கொடை டேட்டாபேஸைச் சுத்தமாக வைத்திருக்கத் தெரிந்தவருக்கும், பெறுபவர் எடுத்து வைத்துக்கொள்ளும்படி ஒரு கடிதம் எழுதத் தெரிந்தவருக்கும் எப்போதும் தேவை இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். மூன்று மாதத்தில் இரண்டிலும் கை பதியும்.

நேர்காணலுக்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அந்த நிறுவனத்தின் 990 வரிப் படிவத்தை இணையத்தில் எடுத்துப் படியுங்கள், இலவசமாகவே கிடைக்கும். எட்டாம் பகுதியில் நன்கொடை எவ்வளவு, டிக்கெட் எவ்வளவு என்று பிரித்திருக்கும். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களின் சம்பளமும் அந்தப் படிவத்தில் உண்டு. நன்கொடையாளர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் பொதுப் பார்வைக்கு வராது. டிக்கெட் வரவையும் நன்கொடையையும் ஒப்பிட்டு ஒரு கேள்வி கேட்டீர்கள் என்றால், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இரண்டாவது, கூட்டமில்லாத ஒரு வார நாள் காலையில் திடலுக்குத் தனியாகப் போங்கள். தெற்குத் தடாகத்தில் ஏதாவது ஒரு பலகை முன் நின்று அதில் இருக்கும் பெயர்களை எல்லாம் ஒன்று விடாமல், வாய்விட்டு, மெதுவாகப் படியுங்கள். உச்சரிக்கத் தெரியாத பெயர்கள் வரும். அவற்றை எழுதிக்கொண்டு வந்து எப்படிச் சொல்வது என்று கண்டுபிடியுங்கள். நேர்காணலில் இதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் வேலையில் ஒரு பட்டியலைக் கையில் கொடுப்பார்கள், அப்போது உதவும்.